திருத்தமும் திருத்துவோர் ஒழுகலாறும்: உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை முன்னிட்டு ஓர் ஆய்வு

காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்து இரு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று அம்மன்னனது 12ஆம் ஆட்சியாண்டிலும், மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டிலும் பொறிக்கப்பெற்றவை. குடவோலை என்னும் சொல்லால் தமிழ் பயில்வோர் அனைவரும் இவற்றை அறிவர். ஆயினும், இவ்விரண்டனுள் பின்னது முன்னதன் திருத்தம் என்பதையும், திருத்தப்பெற்ற பின்னரும் முன்னது அழிக்கப்படாமல் இன்றளவும் நிற்கின்றது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. அச்செய்தியை முதலாகக் கொண்டு, பலர் கூடி இணையத்தில் எழுதும் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவில் திருத்தம் எவ்வாறு நிகழ்கின்றது, திருத்துவோர்க்குரிய ஒழுகலாறு யாது, தமிழ்த் துறையினர் அதன்கண் எவ்விடத்து இடறுகின்றனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

இலக்கிய ஆராய்ச்சிக்குரிய இதழில் இப்பொருள் ஏன் எனச் சிலர் வினவலாம். கல்வெட்டு, காப்பியம், இலக்கணம் ஆகிய எதைப் பற்றியும் முதுகலை மாணவர் முதலிற் கைவைக்கும் இடம் இன்று இக்களஞ்சியமே. ஆசிரியர்கள் வேண்டா எனத் தடுப்பினும் மாணவர் அங்குச் செல்கின்றனர்; தடுக்கும் ஆசிரியரும் ஆண்டு ஒன்றை விரைந்து அறிய வேண்டின் அங்கேயே செல்கின்றனர். அதன்கண் உள்ள பிழை நம் வகுப்பறைக்குள் நுழைகின்றது. பின்னர் ஆய்வேட்டில் ஏறுகின்றது. அதன் பின்னர் அவ்வாய்வேடே அப்பிழைக்குச் சான்றாகக் களஞ்சியத்தில் காட்டப்படுகின்றது. இவ்வாறு ஒன்றையொன்று தாங்கும் வட்டச் சான்றினை உடைத்தற்குரியோர் தமிழ் அறிஞரே. அவர்கள் ஒதுங்கி நிற்பதனால் விளையும் இழப்பு சிறிதன்று.

களஞ்சியத்தின் அமைப்பு

யாரும் உடன் திருத்தக்கூடிய பக்கங்களைக் கொண்ட முறையை வார்டு கன்னிங்காம் என்பவர் 1995ஆம் ஆண்டில் வகுத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் விக்கி என்பது. அஃது விரைவு எனப் பொருள்படும் அவாய் மொழிச் சொல். அம்முறையைக் கலைக்களஞ்சியத்திற்குப் பயன்படுத்தி, ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கப்பெற்றது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தோன்றியது. அதன் தொடக்கக் காலத்தில் பெரும்பங்கு ஆற்றியவர் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதினை அவர்க்கு வழங்கியது. 2017இல் தமிழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தொட்டது. எழுதுவோர்க்கு ஊதியம் இல்லை; எழுதியவர் பெயர் கட்டுரையின் தலையிலோ அடியிலோ பொறிக்கப்படுவதும் இல்லை.

அச்சில் வந்த களஞ்சியங்களோடு ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1934இல் வெளிவந்தது. முதற்பதிப்பிற் கண்ட பிழை ஒன்று திருந்துதற்கு 24 ஆண்டுகள் காத்திருந்தது என்பது இதன் பொருள். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. துறைதோறும் வல்லுநர் எழுதிய அப்பெருநூலின் மதிப்பை யாம் குறைத்துரையோம். எனினும் அச்சேறிய எழுத்து அசையாது. பிழையும் உடன் அசையாது நிற்கும்.

விக்கிப்பீடியாவிலோ பிழையும் அசையும், திருத்தமும் அசையும். ஆதலின் திருத்தத்தைக் காப்பதற்கு வேறு ஏற்பாடுகள் வேண்டியிருந்தன. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் இரு பக்கங்கள் உள்ளன. ஒன்று வரலாற்றுப் பக்கம். அக்கட்டுரையில் எந்நாளில், எந்நேரத்தில், எவர், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அதில் முழுதும் பதிவாகியிருக்கும். நீக்கப்பெற்ற வரியும் அங்கே கிடைக்கும். மற்றொன்று உரையாடற் பக்கம். மாற்றத்திற்குரிய காரணத்தை எழுதுவதும், அதனை மறுப்பதும், இணக்கங் காண்பதும் அதன்கண் நிகழும். ஒரு கட்டுரையோடு நில்லாத பொதுச் செய்திகளைப் பேசுதற்கும் ஓர் இடம் உண்டு. தமிழ்ப் பயனர் அதற்கு ஆலமரத்தடி எனப் பெயரிட்டனர். ஊர்ப் பொதுவினர் கூடும் மரநிழலை நினைந்து இட்ட அப்பெயர் மிகப் பொருத்தமானது எனக் கருதுகின்றோம். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பல கூடியும் இத்தகைய சொல் எளிதிற் பிறப்பதில்லை.

படிப்போருட் பெரும்பாலார் கட்டுரையை மட்டுமே காண்கின்றனர். பின்னுள்ள இரு பக்கங்களையும் புரட்டுவதில்லை. சுவடியின் மூலத்தை மட்டும் படித்துப் பாடவேறுபாட்டை நோக்காது விடுவாரை நாம் ஆராய்ச்சியாளர் எனக் கொள்வதில்லை. இங்கும் அதுவே அளவுகோலாதல் வேண்டும்.

இரு கல்வெட்டுகள்

இனி உத்தரமேரூருக்கு வருவோம். இவ்விரு கல்வெட்டுகளும் 1898இல் படியெடுக்கப்பெற்றன. வெ. வெங்கையா இவற்றைத் தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் விளக்கினார். கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் 1932இல் வெளியிட்ட சோழர் ஆட்சி பற்றிய ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்தார். கே. வி. சுப்பிரமணிய ஐயர் எபிகிராபியா இண்டிகாவின் 22ஆம் தொகுதியில் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பதிப்பித்தார்.

உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தெரியும் முறையை 12ஆம் ஆட்சியாண்டில் வகுத்தனர். இரண்டே ஆண்டுகளில் அம்முறையை மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். முன்னதில் வயது வரம்பு 30க்கு மேல் 60க்குள் என்று இருந்தது. பின்னதில் 35க்கு மேல் 70க்குள் என மாறியது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் விலக்கும் பகுதி விரிவடைந்து, எந்தெந்த உறவினர் என்பது முறையாக எண்ணப்பட்டது. மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர்க்கு மீண்டும் இடமில்லை என்பதும் அதன்கண் உண்டு. ஓலை எடுக்கும் முறை நுணுக்கமாக வரையறுக்கப்பட்டது. முப்பது குடும்பிற்கும் தனித்தனியே ஓலைக்கட்டு; சபையார் இளையாரும் முதியாருமாகக் கூடியிருத்தல்; கோயில் நம்பிமாருள் முதியவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்திக் காட்டல்; உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தல்; மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசித்தல்; அவன் வாசித்ததை அங்கிருந்த நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசித்தல் என அது செல்கின்றது.

இரண்டாண்டுப் பட்டறிவில் முதல் விதியின் ஓட்டைகள் வெளிப்பட்டிருத்தல் வேண்டும் என்பது ஆராய்வார்க்கு எளிதில் தோன்றும். விரல்களை விரித்துக் காட்ட வேண்டும் என்று கல்லில் வெட்டி வைப்பதற்கு, விரல்களை மடக்கிய கை ஒன்று எங்கேனும் ஐயத்திற்கு இடமாகியிருக்கக்கூடும். அஃது எவர் கை என்பதைச் சபையார் எழுதவில்லை. குற்றம் கடிந்தனர், ஆயின் குற்றவாளியின் பெயரை விதிக்குள் வைத்திலர். திருத்தும் ஒழுகலாற்றில் இது தலையாய கூறு என்பது எம் கருத்து.

இதனினும் சிறந்தது முதல் விதி நின்ற நிலை. பின்னையோர் முன்னைக் கல்லைச் செதுக்கி எறிந்திலர். 12ஆம் ஆண்டுத் தீர்மானமும் 14ஆம் ஆண்டுத் தீர்மானமும் ஒரே கோயிலில் நிற்கின்றன. எது திருத்தப்பட்டது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் நாம் ஒப்பிட்டுக் காண முடிகின்றது. முன்னது இல்லாதிருப்பின் பின்னதன் நுணுக்கம் எதற்காக எழுந்தது என்பது நமக்கு ஒருநாளும் விளங்கியிராது. விக்கிப்பீடியாவின் வரலாற்றுப் பக்கம் செய்யும் தொண்டும் இதுவே.

வாக்கெண்ணிக்கையன்று

குடவோலை பற்றிய பொதுக் கருத்தில் ஒரு பெரும்பிழை வேரூன்றியுள்ளது. இதனை மக்கள் வாக்களித்துப் பெரும்பான்மையால் தேர்ந்தெடுக்கும் முறை என்று மேடைகளிலும் பள்ளி விளக்கங்களிலும் கூறுவர். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் இக்கல்வெட்டினைக் குறிப்பிட்ட பின்னர், இதன் புகழ் நாடெங்கும் பரவியது. புகழோடு இப்பிழையும் பரவியது. கல்வெட்டு கூறுவது வாக்கன்று, திருவுளச் சீட்டு. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு எடுப்பதே அது. ஒருவர்க்கு இத்துணைப் பேர் ஆதரவு என எண்ணும் வழக்கம் அதில் இல்லை. தகுதியோ நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே உரியது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையார், தன் மனையில் வீடு கட்டியிருப்பார் என்னும் வரையறைகள், உழுதுண்டாரையும் பெண்டிரையும் வெளியே நிறுத்தின. இவற்றை மறைத்து அதனைப் புகழ்வது கல்வெட்டுக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

விக்கிப்பீடியாவைப் பற்றியும் இதே பிழை உலவுகின்றது. அங்குப் பலர் சொன்னதே உண்மையாகும் என்பர் அறியாதார். விதிப்படி அங்கும் வாக்கெண்ணிக்கை முடிவாகாது. உரையாடலில் பதின்மர் ஒரு பக்கம் நிற்பினும், சான்றுடன் ஒருவர் மறுபக்கம் நிற்பின், அவர் காட்டும் நூலையும் பக்கத்தையுமே நோக்க வேண்டும் என்பது நெறி. இதனை இணக்க முடிவு என்பர். நடைமுறையில் இந்நெறி எப்போதும் வெல்வதில்லை என்பதும் உண்மையே. ஓய்வு மிகுந்தவரும் பிடிவாதம் மிகுந்தவரும் வென்ற இடங்கள் உண்டு.

திருத்துவோர் ஒழுகலாறு

எழுதுவோர் ஒருவரையொருவர் முகங்கண்டு அறியார். யாழ்ப்பாணத்தார், கோவையார், சிங்கப்பூரார், கனடாவில் வாழ்வார் ஒரே வரியில் கைவைக்கின்றனர். ஆகவே சில கட்டுப்பாடுகள் எழுதப்பெற்றன. எதிர்த் தரப்பினர் நல்லெண்ணத்துடன் எழுதினார் என முதற்கண் கொள்ளல் வேண்டும். கருத்தை மறுக்கலாம், ஆளை இகழலாகாது. தம் கருத்தைத் தம் பெயரால் நாட்டாது, வெளிவந்த நம்பகமான நூலின் பெயரால் நாட்டல் வேண்டும். ஒரு வரியை நீக்குவோர் நீக்கியதன் காரணத்தை ஒரு தொடரிலேனும் பதிதல் வேண்டும். மாறி மாறி ஒருவர் எழுத்தை ஒருவர் அழிக்கும் தொகுப்புப் போரைத் தவிர்த்தல் வேண்டும். ஆங்கிலப் பதிப்பில் ஒருவர் ஒரு பக்கத்தில் 24 மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் மாற்றத்தை மீட்டழித்தல் குற்றமாகும். கூற்றொன்று ஐயத்திற்கிடமாயின் அதனை உடனே நீக்காது, சான்று தேவை என்னும் குறியிட்டுக் காத்திருப்பதும் வழக்கம்.

இவை தமிழ் மரபுக்கு அயல் அல்ல. சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கின்றார். மறுக்குங்கால் அவரை உரையாசிரியர் என்னும் சிறப்புப் பெயரால் சுட்டுவர். நச்சினார்க்கினியரும் தமக்கு முன்னையோரை மறுத்துத் தம் கருத்தை நாட்டுவர். மறுக்கப்பெற்றவர் கொள்கையையும் எடுத்துக்காட்டியே மறுப்பர். முன்னையோர் உரை சில இடங்களில் நமக்கு வேறு வழியிற் கிடைக்காதிருப்பினும், மறுத்தோர் எடுத்துரைத்தமையால் அதன் போக்கு அறியக் கிடக்கின்றது. மறுக்கும் கருத்தைப் பதிவு செய்தல் மறுப்பவர் கடன் என்பதை உரைமரபு கைக்கொண்டிருந்தது.

ஒன்றைச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டியுள்ளது. என்பாரும் உளர் என்னும் உரையாசிரியர் வாய்பாட்டை இக்களஞ்சியத்தில் எழுதினால், அதனருகே யார் என்னும் வினாக்குறி ஒன்று உடனே முளைக்கும். மறுக்கப்படுவோரைப் பெயர் சுட்டாது விடுதல் நமக்குப் பண்பாடு. அங்கோ அது சான்றில்லாக் கூற்று. இவ்விரு நெறிகளின் மோதலை உணராது தமிழாசிரியர் பலர் வருந்துகின்றனர்.

மரபில் மென்மை மட்டுமே இருந்தது என்றும் கொள்ளலாகாது. வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்துச் சிவஞான முனிவர் எழுதிய நூலுக்கு இலக்கண விளக்கச் சூறாவளி என்பது பெயர். பெயரே அதன் வேகத்தைக் காட்டும். புலமையில் முனிவர்க்கு இணை அரியர். எனினும் சூறாவளி வீசிய இடத்தில் உரையாடல் வளர்வதில்லை என்பதும், கண்டனத்திற்குக் கண்டனம் எனப் பிற்காலத்தில் நூல்கள் பெருகினமையும் வரலாறு. ஆலமரத்தடியில் அத்தகைய காற்று வீசினால் முதலில் வெளியேறுவோர் புதிதாக வந்த இளையோரே.

அறிஞர் இடறும் இடம்

துறை வல்லுநர் ஒருவர் தம் துறைபற்றிய கட்டுரையிற் பிழை கண்டு திருத்துகின்றார். சில நிமிடங்களில் அத்திருத்தம் நீக்கப்படுகின்றது. நான் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவன் என்று அவர் எழுதுகின்றார். நூலும் பக்கமும் தருக என்று விடை வருகின்றது. அவர் சினந்து வெளியேறுகின்றார். பிழை அங்கேயே தங்குகின்றது. இந்நிகழ்ச்சி உலகெங்கும் உண்டு.

அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத் 2000இல் வெளியிட்ட நாவலின் தலைவன் யாரை முன்மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்டான் என்பது குறித்து ஆங்கில விக்கிப்பீடியா கூறியதை 2012இல் மறுத்தார். படைத்தவர் கூற்று மட்டும் போதாது, வேறு வெளிவந்த சான்று வேண்டும் என அவர்க்கு விடை கூறப்பட்டது. அவர் நியூ யார்க்கர் இதழில் திறந்த மடல் ஒன்று வெளியிட்டார். பின்னர் அம்மடலே கட்டுரையில் சான்றாயிற்று. நகைப்புக்குரியதாகத் தோன்றும் இச்செய்தியில் ஒரு நியாயமும் உண்டு. எழுதுபவர் உண்மையில் அந்நாவலாசிரியர்தாம் என்பதைக் களஞ்சியத்தார் எவ்வாறு அறிவர்? அச்சேறிய மடலோ எவரும் எடுத்துப் பார்த்தற்குரியது.

திமத்தி மெசர்-குரூசு என்னும் வரலாற்றாசிரியர் அடைந்த துன்பம் இதனினும் கடிது. 1886இல் சிகாகோவில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு வழக்கின் நீதிமன்றப் பதிவுகளை அவர் நேரே ஆராய்ந்தவர். அரசுத் தரப்புச் சான்று எதுவும் காட்டவில்லை என்று களஞ்சியம் கூறியதை அவர் நீக்கினார். உடனே அது மீட்டெழுதப்பட்டது. மூல ஆவணம் போதாது, அதனை ஆராய்ந்த நூல் வேண்டும் என்றனர். அவர் நூல் 2011இல் வெளிவந்தது. ஒரு நூல் பல நூல்களின் கருத்தை மாற்றாது என்றனர். 2012இல் அவர் இதனைக் கட்டுரையாக எழுதி வெளியிட்ட பின்னர்ப் பலரும் அதனை ஆராய்ந்தனர். கட்டுரையும் மாற்றம் பெற்றது. இங்குக் குறை முறையின்பாலது என்பதே எம் முடிபு. பல நூல்கள் ஒரே பிழையைப் படியெடுத்து நிற்கும்போது, பெரும்பான்மை நூல் என்னும் அளவுகோல் தாழ்ந்துவிடுகின்றது. நம் இலக்கிய வரலாறுகளிலும் ஒருவர் எழுதியதைப் பின்வந்தோர் மாற்றாது எடுத்தாண்ட காலக்கணிப்புகள் எத்துணை என்பதைத் துறையினர் அறிவர்.

ஆயினும் அறிஞர் தரப்பிலும் ஒரு குறை உண்டு. பட்டம் சான்றாகாது, அப்பட்டத்தைப் பெறுதற்கு எழுதிய நூலே சான்றாகும். தமிழ்த்துறைகளில் உருவாகும் ஆய்வேடுகளுட் பல அச்சேறாமல் நூலக அடுக்குகளில் உறங்குகின்றன. உரையாடற் பக்கத்தில் எடுத்துக்காட்ட அவை உதவா. களஞ்சியத்தாரை நோவதற்கு முன் நம் அடுக்குகளை நாம் நோக்குதல் நன்று.

பிழை திருத்தம் பற்றிய இன்னொரு செய்தியையும் சுருங்கக் கூறுவோம். நேச்சர் என்னும் அறிவியல் இதழ் 2005இல் 42 அறிவியற் கட்டுரைகளை வல்லுநரிடம் தந்து ஒப்பிடச் செய்தது. விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றில் சராசரி நான்கு பிழைகளும், பிரித்தானிக்கா கட்டுரை ஒன்றில் மூன்று பிழைகளும் காணப்பட்டன. பிரித்தானிக்காவினர் அவ்வாய்வின் முறையை மறுத்தனர். அதே ஆண்டில் அமெரிக்க இதழாளர் ஒருவரைப் பற்றிய பொய்ச் செய்தி ஒன்று நான்கு திங்கள் அளவும் எவர் கண்ணிலும் படாது கிடந்தமை தெரியவந்தது. இரண்டும் உண்மை, ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்போர் ஆராய்ச்சி செய்பவர் அல்லர்.

தமிழ்ப் பதிப்புக்கே உரிய வழக்குகள்

தமிழ்ப் பதிப்பில் உண்மை பற்றிய வழக்கினும் சொல் பற்றிய வழக்கே நீண்டது. கிரந்த எழுத்தை ஏற்பதா விலக்குவதா என்னும் வினா பல ஆண்டுகள் பேசப்பட்டது. ஜெர்மனி என்பார்க்கும் செருமனி என்பார்க்கும் இடையே உள்ள வேறுபாடு எழுத்து வேறுபாடு மட்டுமன்று. நூறாண்டுத் தமிழியக்க வரலாறு அதன்பின் நிற்கின்றது. தமிழகத்தார் இயற்பியல் எனவும் வேதியியல் எனவும் வழங்குவனவற்றை ஈழத்தார் பௌதிகவியல் எனவும் இரசாயனவியல் எனவும் வழங்கிப் பயின்றோர். ஒரு நாட்டார் வழக்கை மற்றொரு நாட்டார் பிழையென அழிப்பின், அஃது இலக்கணத் திருத்தமாகாது; ஒரு மக்களின் கல்வி வரலாற்றை அழிப்பதாகும். இச்சிக்கலுக்கு வழிமாற்று என்னும் ஏற்பாடு ஓரளவு தீர்வு தந்தது. எந்தச் சொல்லைக் கொண்டு தேடினும் ஒரே கட்டுரைக்கு அது கொண்டு சேர்க்கும். கட்டுரையின் முதல் வரியில் இருவழக்கும் நிற்கும்.

உத்தரமேரூரே இதற்குச் சான்று. கல்வெட்டில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்று வருதலின் ஆராய்ச்சியாளர் உத்தரமேரூர் என எழுதுவர்; இக்கட்டுரையிலும் யாம் அவ்வாறே எழுதினோம். அரசு ஆவணங்களிலும் சட்டமன்றத் தொகுதிப் பெயரிலும் உத்திரமேரூர் என்பதே வழக்கு. ஊரார் நாவிலும் அதுவே. கல்வெட்டறிந்த ஒருவர் இகரத்தை அடித்து அகரமாக்குகின்றார் என வைத்துக்கொள்வோம். ஊரறிந்த மற்றொருவர் அகரத்தை அடித்து இகரமாக்குகின்றார். இருவரும் பிழை செய்தவர் அல்லர். ஒருவர் பத்தாம் நூற்றாண்டின் பெயரையும், மற்றவர் இன்றைய ஊரின் பெயரையும் கூறுகின்றனர். இன்றைய ஊர் பற்றிய கட்டுரைக்கு இகரப் பெயரும், அதனுள் பழம்பெயர் பற்றிய பத்தியில் கல்வெட்டு வடிவமும் அமைதல் தக்கது. இதனை உரையாடற் பக்கத்தில் இரு தொடர்களில் எழுதிவிட்டால், அடுத்துவரும் மூன்றாமவர் மீண்டும் அகரத்தை நாட்ட முற்படுமுன் ஒருகணம் நிற்பர்.

இவ்விரு கல்வெட்டுகளின் காலமும் அவ்வாறே. நூல்களில் 919 என்றும் 920 என்றும் 921 என்றும் வெவ்வேறு ஆண்டுகள் காணப்படும். ஒன்றை மெய்யெனக் கொண்டு மற்றவற்றை அழிக்கத் தோன்றும். பராந்தகன் அரியணை ஏறியது 907ஆம் ஆண்டு ஜனவரி 15க்கும் ஜூலை 25க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் எனக் கீல்காரன் கணித்தார். அதன்படி 12ஆம் ஆட்சியாண்டு 918–919இலும், 14ஆம் ஆட்சியாண்டு 920–921இலும் விழும். ஓர் ஆட்சியாண்டு இரு ஆங்கில ஆண்டுகளில் பரந்து கிடத்தலின், 14ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கு 920 என்றாரும் 921 என்றாரும் தம்முள் முரணினர் அல்லர். ஆனால் வயது வரம்பு 35 முதல் 70 வரை என எழுதி அதற்கு 919 என ஆண்டு குறிப்பவர் இரு கல்வெட்டுகளையும் மயக்கிவிட்டார். அது திருத்தத்தக்க பிழை. முன்னது கணக்கீட்டு வேறுபாடு, பின்னது மெய்ப்பிழை. முன்னதற்கு விளக்கமும், பின்னதற்கு மாற்றமும் வேண்டும்.

திருத்தம் எழுதுவார் ஆட்சியாண்டை முதலில் நிறுத்தி, ஆங்கில ஆண்டை ஏறத்தாழ என்னும் அடையுடன் அதன்பின் தந்து, எபிகிராபியா இண்டிகா 22ஆம் தொகுதியைச் சான்றாகக் காட்டி, 919 என முன்னர் எழுதியவர் எதனால் அவ்வாறு கொண்டார் என்பதையும் உரையாடற் பக்கத்தில் ஒரு வரியில் குறித்தல் வேண்டும். அவ்வொரு வரியை எழுதக் கால்மணி நேரம் போதும். அதற்குரிய தொகுதியைப் பல்கலைக்கழக நூலகத்தில் தேடி எடுத்து, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டுப் படிக்க ஒருநாள் ஆகும். முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்க்குக் கல்வெட்டியற் பாடத்தின் பயிற்சியாக இவ்வொருநாட் பணியை யாம் பரிந்துரைக்கின்றோம். மதிப்பெண் இடுங்கால் கட்டுரையில் நின்ற வரியை மட்டும் நோக்காது, உரையாடற் பக்கத்தில் அம்மாணவர் எழுதிய காரணத்தையும் நோக்கி இடுதல் வேண்டும்.